பழைய உடை தேடுவதும் அலமாரியைக் குறைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய உடைகளைத் தேடி வாங்கி உடுத்துவது எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு கட்டத்தில் அலமாரிக் கதவு மூட மறுத்தது. ஒரு சட்டையை உருவினால் கூடவே இரண்டு சரிந்து விழும். அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்து, பாதிக்கு மேல் வெளியே அனுப்பினேன். தேடுவதும் குறைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள் என்று பலர் நினைக்கிறார்கள், என்னிடம் வரும் கேள்விகளிலும் அந்தக் குழப்பம் தெரிகிறது. எனக்கு இரண்டிலும் கைகொடுத்தது ஒரே பழக்கம்: உடையை உட்புறம் வெளியே வரத் திருப்பிப் பார்ப்பது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன.

விண்டேஜ் என்று சொல்ல எத்தனை வருடப் பழசாக இருக்க வேண்டும்?

பொதுவாக 20 வருடம் தாண்டினால் விண்டேஜ், 100 வருடம் தாண்டினால் ஆன்டிக். பழைய பாணியில் புதிதாகத் தைத்தது ரெட்ரோ. விற்காமல் கிடங்கிலேயே தங்கிவிட்ட, யாரும் உடுத்தாத பழைய சரக்கை டெட்ஸ்டாக் என்பார்கள். இந்தச் சொற்களை விற்பவர்கள் தாராளமாகக் கலந்து பயன்படுத்துவார்கள். அதனால் சொல்லை விட்டுவிட்டு உடையைப் பாருங்கள்.

லேபிள் கிழிந்துபோன உடையின் வயதை எப்படிக் கணிப்பது?

முதலில் ஜிப். பெண்களின் கவுன்களில் ஜிப் வைப்பது 1930களின் பிற்பகுதியில்தான் பரவலானது. அதற்கு முன்பு கொக்கி, பட்டன், பிரஸ் பட்டன். தொடக்க கால ஜிப்கள் உலோகப் பல் கொண்டவை, பெரும்பாலும் இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும். 1950களில் முதுகின் நடுவே வைப்பது அதிகமானது. 1960களில் நைலான் சுருள் ஜிப் வந்து உலோகத்தை மெல்ல ஓரங்கட்டியது. ஆனால் ஜிப்பை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். பழுதான ஜிப்பை யாராவது பின்னாளில் மாற்றியிருக்கலாம். ஜிப்பை ஒட்டிய துணியில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தால், அது மாற்றப்பட்ட ஜிப்.

அடுத்து உள் தையல். துணி விளிம்பு ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டப்பட்டிருக்கிறதா, கையால் சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறதா, நாடா வைத்து மூடப்பட்டிருக்கிறதா, ஓவர்லாக் போடப்பட்டிருக்கிறதா? தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாம் என்ற எண்ணத்தோடு தைத்த உடைகளில் தாராளமாக விட்டிருப்பார்கள். இன்றைய ஆயத்த ஆடையைத் திருப்பிப் பார்த்தால் ஓவர்லாக் தையலுக்கு அப்பால் ஒன்றுமே மிச்சம் இருக்காது.

மூன்றாவது, இழை. நைலான் 1938இல் அறிவிக்கப்பட்டது. பாலியஸ்டர் இழை 1941இல் பிரிட்டனில் உருவாகி, 1950களில்தான் கடைகளுக்கு வந்தது. இழுத்தால் நீளும் ஸ்பாண்டெக்ஸ் 1958இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, ‘1940களின் உடை’ என்று சொல்லி விற்கும் கவுன் ரப்பர் போல இழுபட்டால் அந்த வயதை நம்ப வேண்டாம்.

லேபிள் இருந்தால் அது என்ன சொல்லும்?

தேதியை நேரடியாகச் சொல்லாது, ஆனால் நிறைய துப்பு கொடுக்கும். துவைக்கும் முறையை எழுதிய நிலையான லேபிள் வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972இல் அமலுக்கு வந்தது. அந்த நாட்டுக் கடை உடையில் அப்படி ஒரு லேபிள் இருந்தால் 1970களோ அதற்குப் பிந்தியதோ என்று எடுத்துக்கொள்ளலாம். சுத்தக் கம்பளியைக் குறிக்கும், நூல்கண்டுச் சுருள் போல இருக்கும் வூல்மார்க் சின்னம் 1964இல் வந்தது. பிரிட்டனில் போர்க்காலச் சிக்கன உடைகளுக்கு ‘சிசி 41’ என்ற முத்திரை 1941 முதல் 1952 வரை இருந்தது. லீவைஸ் ஜீன்ஸின் சிவப்பு நாடாவில் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் அது 1971க்கு முந்தியது என்று சேகரிப்பவர்கள் பார்ப்பார்கள். ஆனால் பழைய வடிவத்தையே திரும்பத் தைத்து விற்கும் மறுபதிப்புகளிலும் அதே பெரிய எழுத்து வரும். அதனால் இதையும் தையலோடு சேர்த்தே பாருங்கள்.

இது பட்டா, பாலியஸ்டரா? தொட்டுப் பார்த்தால் தெரிவதில்லை.

வாங்கிய பிறகு என்றால் எரித்துப் பார்க்கலாம். உள் தையலில் இருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்து நெருப்பு காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மிருதுவான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும், மிச்சத்தை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும், நசுங்காது. ரேயான் பருத்தியைப் போலவே எரியும், ஆனால் ஈரமானால் பலம் குறையும். அதனால் ரேயான் என்று சந்தேகம் இருந்தால் முறுக்கிப் பிழிய வேண்டாம்.

கடையில் நெருப்பு காட்ட முடியாது. அங்கே உள்ளங்கைதான் கருவி. துணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கைக்குள் கசக்கி விட்டுப் பாருங்கள். ஒரு மாதம் இதைச் செய்தால் விரல் பழகிவிடும்.

வாங்குவதற்கு முன் எந்தெந்த இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

அக்குள், காலர் மடிப்பு, கைவிளிம்பு, தொடை இணையும் இடம், கீழ் மடிப்பு, பட்டன் துளைகள். அப்புறம் உடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அந்து அரித்த பொடித்துளைகள் மேசைமேல் தெரியாது, வெளிச்சத்தில் நட்சத்திரம் போலத் தெரியும்.

அக்குள் கறை பட்டில் இருந்தால் நான் வாங்காமல் திரும்ப வைத்துவிடுவேன். வியர்வையும், வியர்வை தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் இழையையே அரித்துவிடுகின்றன. கறையை எடுத்தாலும் அடுத்த முறை கையைத் தூக்கும்போது துணி கிழியும். இன்னொன்று, பழைய பட்டில் நேர்நேராகக் கீறல் விழுவது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்கு எடை கூட்ட வெள்ளீய உப்பு போன்ற உலோக உப்புகளில் நனைத்தார்கள். அந்த உப்பு வருடக்கணக்கில் இழையை உடைக்கிறது. தொட்டால் உதிரும் பட்டை எந்தத் தையல்காரராலும் காப்பாற்ற முடியாது.

மாறாக, தையல் விட்டிருப்பது, பட்டன் போனது, கீழ் மடிப்பு அவிழ்ந்தது, லைனிங் கிழிந்தது எல்லாம் குறையே அல்ல. தைத்துக்கொள்ளலாம். விலை குறைத்துக் கேட்க நல்ல காரணமும் கூட.

என்னிடம் பாசிப்பச்சை நிறத்தில் ஒரு கம்பளி கவுன் இருக்கிறது. திருப்பிப் பார்த்தபோது இடுப்புத் தையலை ஒட்டி, இரண்டு பக்கமும், விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் அடர்ந்த பச்சையாக இருந்தது. மற்ற இடம் எல்லாம் வெயிலில் மங்கியிருக்கிறது, அந்தப் பட்டை வெகுநாள் உள்ளே மடிந்து கிடந்திருக்கிறது. அதன் நடுவே பழைய ஊசித் துளைகள் ஒரு கோடாக ஓடுகின்றன. யாரோ ஒருத்தி இதைப் பிரித்து, தன் உடம்புக்கு ஏற்றபடி அகலமாக்கி, மறுபடி கையால் தைத்திருக்கிறாள். புதிய தையலின் நூல் கொஞ்சம் வேறு பச்சை. அந்த நூலைப் பார்த்ததும்தான் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். ஒருத்தி தூக்கி எறியாமல் திருத்தி உடுத்திய உடை அது. இன்னும் அரை அங்குலம் உள்ளே பாக்கி இருக்கிறது.

லேபிளில் என் அளவுதான் போட்டிருக்கிறது, ஆனால் உடலில் ஏறவே இல்லை. ஏன்?

அளவு எண்கள் காலத்தோடு நகர்ந்துவிட்டன. அமெரிக்காவில் பெண்கள் உடைக்கு 1958இல் ஒரு பொது அளவு வரையறை வெளியிட்டார்கள், 1983இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். இன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் போடுகிறது, பொதுவாக அதே எண்ணுக்கு உடை பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. எனவே பழைய உடையில் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஓர் உடையைத் தரையில் விரித்து, தோள், மார்பு, இடுப்பு, நீளம் நான்கையும் இஞ்ச் டேப்பால் அளந்து கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் உடையையும் அதேபோல விரித்து அளங்கள். இடுப்பையும் நீளத்தையும் திருத்தலாம். தோளைத் திருத்துவது பெரிய வேலை, தோள் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பழைய வாடை போகவே மாட்டேன் என்கிறது.

முதலில் துவைக்காதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் தொங்கவிடுங்கள். பாதி வாடை அதிலேயே போய்விடும். அப்புறம், உள்ளே மறைவான இடத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால், தண்ணீரில் துவைக்கத் தாங்கும் துணியாக இருக்கும் பட்சத்தில், குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பில் ஊறவைத்து, தேய்க்காமல் அலசுங்கள். ஈரத்தோடு தூக்கினால் தன் எடையிலேயே தையல் கிழியும். அதனால் ஒரு வலைத்துணியோடு சேர்த்துத் தூக்கி, துண்டின்மேல் விரித்து உலர்த்துங்கள். கம்பளியைச் சூடும் அலசலும் சேர்ந்து சுருக்கிவிடும். வெல்வெட்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், ஆவி மட்டும் போதும்.

அந்து அரித்த கம்பளி உடையை வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

தனிமைப்படுத்திவிட்டுக் கொண்டுவரலாம். அரிப்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. கம்பளி, ரோமம், இறகு, பட்டு போன்றவைதான் அதற்கு உணவு, அழுக்கும் வியர்வையும் படிந்த இடத்தை விரும்பித் தின்னும். உடையை பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் துணிமேல் ஈரம் கோக்கும். அதன் பிறகு தையல் இடுக்குகளை பிரஷ்ஷால் துடையுங்கள்.

நாப்தலின் உருண்டையை நான் வைப்பதில்லை. அதன் ஆவி உடம்புக்கு நல்லதல்ல. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ள கைக்குழந்தைக்கு அந்த உருண்டை போட்டு வைத்த துணியால் ரத்த அணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008இலேயே தடை செய்துவிட்டார்கள்.

பழைய உடைகளில் உண்மையான ஆபத்து ஏதாவது இருக்கிறதா?

நூறு வருடத்துக்கு மேற்பட்டவற்றிலும் சில பழைய தொப்பிகளிலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைச் சாயங்கள் சிலவற்றில் ஆர்சனிக் இருந்தது. ஃபெல்ட் தொப்பிகளைப் பதப்படுத்தப் பாதரசம் பயன்படுத்தினார்கள், அமெரிக்காவில் 1941இல்தான் அது நின்றது. இவற்றைக் கையுறை போட்டுக் கையாளுங்கள், உடுத்த வேண்டாம். ஆமை ஓட்டுப் பட்டன், அரிய விலங்கின் தோல் போன்றவை இருந்தால் எல்லை தாண்டி வாங்கி விற்கும் முன் அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்த விதிகளைப் பாருங்கள்.

சரி, அலமாரியைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டில்மேல் கொட்டாதீர்கள். நான் அப்படிச் செய்து, இரவு பதினொரு மணிக்குக் களைத்துப்போய், எல்லாவற்றையும் திரும்ப உள்ளே திணித்திருக்கிறேன். ஒரு வகையை மட்டும் எடுங்கள். சட்டை என்றால் சட்டை மட்டும். ஒவ்வொன்றையும் முதலில் உடுத்திப் பாருங்கள். கையில் பிடித்துப் பார்த்தால் எல்லாமே பிடிக்கும். உடுத்தி, உட்கார்ந்து, கையைத் தூக்கி, குனிந்து பார்த்தால்தான் உடை தன்னைப் பற்றிச் சொல்லும். அப்புறம் கழற்றி, உட்புறம் திருப்பிப் பாருங்கள். வாங்கும்போது பார்த்த அதே இடங்களைத்தான்: அக்குள், காலர், தையல்.

வைப்பதற்கான காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ‘இது போட்டால் தோள் நேராக நிற்கிறது’, ‘குளிர்காலத்தில் இதைத்தான் தேடுகிறேன்.’ இவை காரணங்கள். ‘மலிவாகக் கிடைத்தது’ என்பது வாங்கியதன் காரணம், வைப்பதன் காரணம் ஆகாது. ‘விலை அதிகம் கொடுத்தேன்’ என்பதும் அப்படித்தான். அந்தப் பணம் போய்விட்டது, உடை ஹேங்கரில் தொங்குவதால் திரும்பி வரப்போவதில்லை.

என் அலமாரியில் மூன்று சாம்பல் நிற கோட்டுகள் இருந்தன. மூன்றும் நல்ல தையல், மூன்றும் வெவ்வேறு பத்தாண்டுகளைச் சேர்ந்தவை. ஒரு குளிர்காலம் முழுக்கக் கவனித்தேன். ஒன்றைத்தான் எடுத்தேன், மற்ற இரண்டும் அதற்குக் காவல் நின்றன. இரண்டையும் கொடுத்த நாளில் வருத்தம் வரும் என்று நினைத்தேன். கம்பியில் அந்த ஒரு கோட்டுக்கு இருபுறமும் இடம் கிடைத்து, கைகள் நசுங்காமல் தொங்கியதைப் பார்த்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு வருடம் உடுத்தாவிட்டால் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்களே?

அன்றாட உடைக்கு அது சரி. விண்டேஜுக்கு அப்படியே பொருந்தாது. விசேஷத்துக்கான நீள கவுனோ கடுங்குளிர் கோட்டோ வருடத்துக்கு ஒருமுறை கூட வெளியே வராமல் போகலாம். அவற்றுக்கு நான் கேட்பது வேறு: நாளைக்கே அழைப்பு வந்தால் இதைப் போட்டுக்கொண்டு கிளம்ப முடியுமா? அதற்கேற்ற செருப்பு இருக்கிறதா, ஜிப் ஏறுமா, கறை இல்லையா? ‘ஆமாம்’ என்றால் இருக்கட்டும். ‘கொஞ்சம் மெலிந்தால்’, ‘தைத்துவிட்டால்’ என்று பதில் தொடங்கினால் அது அடுத்த கேள்விக்குப் போகிறது.

தைக்க வேண்டிய உடைகள் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. என்ன செய்ய?

மூட்டையில் தேதி எழுதிய சீட்டு ஒட்டுங்கள். ஒரு மாதம். அதற்குள் ஒன்றையாவது எடுத்துத் தைத்தால், எது உங்களுக்கு முக்கியம் என்று கையே சொல்லிவிட்டது. மற்றவற்றை, தைக்கத் தெரிந்த, தைக்க ஆசைப்படுகிற ஒருவருக்குக் கொடுங்கள். பட்டன் தைப்பது, கீழ் மடிப்பு தைப்பது, இழையோட்டுவது, இந்த மூன்றையும் கற்றுக்கொண்டால் பெரும்பாலான மூட்டை கரைந்துவிடும்.

இறந்துபோன அம்மாவின் உடைகள். எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

இதில் அவசரம் வேண்டாம், கணக்கும் வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாக இதற்கு வாருங்கள். எல்லா உடையும் அம்மாவாகிவிடாது. அவர் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றது உங்கள் கண்ணில் நிற்கிற ஒன்றிரண்டு இருக்கும். அவற்றை வையுங்கள், முடிந்தால் உடுத்துங்கள். மற்றவற்றைத் தெரிந்தவர் உடுத்தக் கொடுங்கள். அழுக்குப் பெட்டியில் அந்துக்கு விடுவதைவிட அது நல்லது. முடிவு வராவிட்டால், சுத்தம் செய்து பெட்டியில் வைத்து, அடுத்த வருடம் திரும்பிப் பாருங்கள்.

மொத்தம் எத்தனை உடை இருந்தால் போதும்?

எண் சொல்ல மாட்டேன். ஒன்றை எடுக்க இன்னொன்றைத் தள்ள வேண்டியிராத அளவு.

வெளியே போகிற உடைகளை எங்கே அனுப்புவது?

நல்ல நிலையில் உள்ள விண்டேஜை விற்கலாம், அல்லது அதே ஆர்வமுள்ளவரோடு மாற்றிக்கொள்ளலாம். விற்கும்போது விரித்து அளந்த அளவுகளை எழுதுங்கள், ஒவ்வொரு குறையையும் கிட்டத்தில் படமெடுத்துக் காட்டுங்கள். நாடகக் குழுக்கள் பழைய கோட்டு, தொப்பி, பைகளை விரும்பி வாங்கிக்கொள்ளும். ஃபேஷன் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு, உடுத்த முடியாத அளவு பழுதான உடைகூட வெட்டும் தையலும் கற்றுத்தரப் பயன்படும். தானமாகக் கொடுப்பதைத் துவைத்துக் கொடுங்கள். கிழிந்த, கறை படிந்த துணியை அதில் கலந்தால், பிரித்து எறிகிற வேலையை இன்னொருவர் தலையில் கட்டுகிறோம். பருத்திக் கந்தலைத் துடைக்கும் துணியாக வெட்டிக்கொள்ளலாம். பட்டன்களையும் உலோக ஜிப்பையும் கழற்றி வைத்துக்கொள்ள மறக்காதீர்கள், அதே காலத்து உடையைப் பழுதுபார்க்க அவற்றை மிஞ்சிய பொருள் கிடைக்காது.

மிஞ்சியவற்றை எப்படிப் பாதுகாப்பது?

உள்ளே வைக்கும் முன் சுத்தமாக இருக்க வேண்டும், இது முதல் விதி. கண்ணுக்குத் தெரியாத கறை வைப்பில் மஞ்சளாகும். பின்னல் உடைகளைத் தொங்கவிடாதீர்கள், மடித்து வையுங்கள். 1920களில் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் மேடலின் வியோனே புகழ் பெறச் செய்த, துணியை கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டித் தைக்கும் முறையில் வந்த கவுன்களும், மணி கோத்துக் கனத்த உடைகளும் தொங்கினால் நீண்டு கோணலாகும். அவற்றை அமிலமற்ற காகிதம் வைத்துத் தட்டையாகக் கிடத்துங்கள். மடிப்பு எப்போதும் ஒரே இடத்தில் விழாமல் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடியுங்கள். கம்பி ஹேங்கர் வேண்டாம், தோளைக் குத்தும். அகலத் தோள் உள்ள ஹேங்கரில் பஞ்சு சுற்றிப் பழைய பருத்தித் துணியால் மூடினால் போதும். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுப் பருத்தி உறை போடுங்கள். வெளிச்சம் படாத இடமாக இருக்கட்டும்.

இன்னொன்றும் செய்கிறேன். ஒவ்வொரு உடையின் உள்ளேயும், பக்கத் தையலில், சிறு பருத்தி நாடாவை இரண்டே தையலில் மாட்டுகிறேன். அதில் எந்த வருடம் வாங்கினேன், விரித்த அளவு என்ன, எதைப் பழுதுபார்த்தேன் என்று துணியில் அழியாத பேனாவால் எழுதுகிறேன். பச்சை கவுனின் நாடாவில் இப்படி இருக்கிறது: ‘இடுப்பு முன்பே பிரித்துத் தைத்தது. இன்னும் அரை அங்குலம் விடலாம்.’